ஒன்பதாம் நாள் எடை: பிறப்புத் தொடர் ஆய்வில் களப்பணி செய்வது எப்படி

ஒன்பதாம் நாள் எடுக்க வேண்டிய எடையைப் பதினான்காம் நாள் போய் எடுத்தால் அது ஒன்பதாம் நாள் எடை ஆகாது. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் கொஞ்சம் இளைக்கும். பிறந்தபோது இருந்த எடைக்குத் திரும்பி வரப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். அந்த இறக்கமும் ஏற்றமும் ஒரே ஒரு முறைதான் நடக்கும். அன்றைக்கு நீங்கள் போகவில்லை என்றால் அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. எங்கள் வேலையில் நேற்று விட்டதை இன்று செய்ய முடியாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் 2003-இல் களப்பணியாளராகச் சேர்ந்தேன். பிளஸ் டூ படிப்பு, கையில் ஒரு வயதுக் குழந்தை, அவ்வளவுதான் என் தகுதி. பத்தொன்பது வருடம் வீடு வீடாக நடந்தேன். இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். "வகுப்பில் சொல்வதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் அக்கா, ஃபீல்டுக்குப் போனதும் மறந்துபோகிறது" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்டதால் எழுதுகிறேன்.

ஒரு ஊரில், ஒரு காலகட்டத்தில் பிறந்த குழந்தைகளின் பெயரை எழுதிக்கொண்டு, அவர்கள் வளர வளரக் கூடவே போவது பிறப்புத் தொடர் ஆய்வு. அலுவலகத்தில் கோஹார்ட் என்பார்கள். வயிற்றில் இருந்தபோது தாய் என்ன சாப்பிட்டாள், பிறந்தபோது என்ன எடை, எத்தனை முறை பேதி வந்தது, வீட்டில் யார் அதனோடு பேசினார்கள் என்று அவ்வப்போதே எழுதி வைப்பது. இந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகும்போது, வேலைக்குப் போகும்போது, சர்க்கரை நோய் வரும் வயதில், எது எதனால் வந்தது என்று அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் கேட்க முடியும். வளர்ந்த பிறகு தாயிடம் கேட்டால் ஞாபகத்தில் இருப்பதைத்தான் சொல்வாள். மூத்த பிள்ளையின் கதையும் இளைய பிள்ளையின் கதையும் கலந்துவிடும்.

பயிற்சியின் முதல் நாளில் நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்டுஷயர் என்று ஒரு மாவட்டம். 1911-இல் அங்கே எத்தெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற பெண்மணி தலைமைச் சுகாதாரப் பார்வையாளராக வந்தார். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகள் பிறந்த எடையை எழுத வேண்டும், சுகாதாரப் பார்வையாளர்கள் ஒரு வருடம் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, தாய்ப்பாலா புட்டிப்பாலா, ஒரு வயதில் என்ன எடை என்று பேரேட்டில் பதிய வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். சிசு மரணத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய அன்றைய கவலை. அந்தப் பேரேடுகள் அப்படியே கிடந்தன. பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அவற்றைத் தேடி எடுத்து, 1911 முதல் 1930 வரை அங்கே பிறந்த 5,654 ஆண்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். ஒரு வயதில் எடை குறைவாக இருந்தவர்கள் பெரியவர்களானபின் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989-இல் அது வெளிவந்தது. பெரியவர்களின் நோய்க்கு வயிற்றுப்பிள்ளைக் காலத்திலேயே விதை விழுகிறதா என்று உலகம் முழுக்கக் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

எடை போட்ட அந்த மருத்துவச்சிக்கு இதய நோயைப் பற்றிய எண்ணமே இருந்திருக்காது. அவள் எண்ணைச் சரியாக எழுதினாள். உங்கள் எண்ணை எடுத்து யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது. அவர்கள் இன்னும் பிறந்தே இருக்க மாட்டார்கள்.

முதல் முறை வாசலில் நிற்கும்போது

சம்மதம் கேட்பதை ஃபார்மில் கையெழுத்து வாங்குவது என்று நினைக்காதீர்கள். தாய் தலையாட்டிவிடுவாள். அன்று சாயங்காலம் மாமியார் வந்து "யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டே?" என்பார். அடுத்த வாரம் கதவு திறக்காது. அதனால் கணவர், மாமியார் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். பீடி சுற்றும் வீடுகளில் கட்டு கொண்டுபோய்க் கொடுக்கிற நாளில் போகாதீர்கள். அன்று யாருக்கும் காது கேட்காது.

"இது வைத்தியம் இல்லைம்மா, ஆராய்ச்சி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, எத்தனை முறை வருவோம், ரத்தம் எடுப்போமா, எவ்வளவு எடுப்போம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் ஆஸ்பத்திரியில் உங்களைக் குறைவாக நடத்த மாட்டார்கள் என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். அப்புறம் அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "மாசம் ஒரு தடவ சத்து மருந்து குடுப்பீங்க" என்று சொன்னால் நீங்கள் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். மறுபடி ஆரம்பியுங்கள். குழந்தை வளர்ந்து ஏழு வயது ஆனதும் அதனிடமும் வாய்மொழியாகக் கேட்க வேண்டும், பன்னிரண்டிலிருந்து எழுத்தில். அந்த வயதுப் பையன் "வேணாம்" என்றால் வேண்டாம்தான். அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாளே என்று வாதாடாதீர்கள்.

முகவரி எழுதும் முறை தனி. நம் ஊரில் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் வீட்டுக்குத் திரும்புவாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஒரு முகவரி இருக்கும், குழந்தை வேறு ஊரில் இருக்கும். கர்ப்பமாக இருக்கும்போதே இரண்டு வீட்டு முகவரியையும் வாங்குங்கள். மூன்று போன் எண் வேண்டும்: அவளுடையது, அவள் அம்மாவுடையது, தெருமுனைக் கடைக்காரருடையது. கணவர் எண்ணை நான் நான்காவதாகத்தான் எழுதுவேன். அது அடிக்கடி மாறும். குழந்தைக்கு வீட்டில் கூப்பிடும் பெயரையும் எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரைச் சொல்லித் தெருவில் கேட்டால் யாருக்கும் தெரியாது. "பட்டு வீடு" என்றால் கூட்டிக்கொண்டே போய் விடுவார்கள்.

எடையும் நீளமும்

இதில் நிதானமாக இருங்கள். ஆய்வு நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

தினமும் காலையில் கிளம்பும் முன் முத்திரை குத்திய ஐந்து கிலோ படிக்கல்லை எடை மெஷினில் வைத்துப் பாருங்கள். எண்ணை நோட்டில் எழுதுங்கள். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், மழைக்காலத்தில், நான்கு நாள் இதைச் செய்யாமல் விட்டேன். ஐந்தாம் நாள் வைத்தபோது மெஷின் 4 கிலோ 820 காட்டியது. எந்த நாளில் கெட்டது என்று சொல்ல வழியில்லை. அந்த நான்கு நாளில் எடுத்த பதினொரு குழந்தைகளின் எடையையும் அடிக்க வேண்டியிருந்தது. அதில் ஒன்று இரட்டைக் குழந்தை. குறைமாதத்தில் பிறந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தவை. அந்த மாதம் அவர்களுக்குக் காலியாகவே இருக்கிறது, இன்னும் அம்பது வருடம் ஆனாலும் காலியாகத்தான் இருக்கும். எனக்கு யாரும் திட்டு கொடுக்கவில்லை. அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

மெஷினைப் பாய் மேல் வைக்காதீர்கள். சாணம் மெழுகிய தரை, உடைந்த சிமெண்ட் தரை எதுவும் சமமாக இருக்காது. பையில் ஒரு பிளைவுட் பலகை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு உடம்பில் துணி இருக்கக் கூடாது. கொலுசு, வளையல், வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாம் எடை. ஒரு வீட்டில் ஆயா, அதாவது பாட்டி, கழற்றிக் கொடுத்த கொலுசையும் அரைஞாணையும் நிறுத்துப் பார்த்தேன்; ஐம்பது கிராமுக்கு மேல் இருந்தது. நன்றாகப் பால் குடிக்கிற பச்சைக்குழந்தை இரண்டு நாளில் ஏறுகிற எடை அது. கறுப்புக் கயிறை அவிழ்க்கக் கூடாது என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம். "கயிறோடு" என்று எழுதிவிட்டு, ஒவ்வொரு மாதமும் கயிறோடே நிறுத்துங்கள்.

நீளம் அளக்க இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். தனியாக அளந்த நீளத்தை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து, உச்சந்தலை பலகையில் படும்படி, கண் நேராக மேலே பார்க்கும்படி இரண்டு கையாலும் தலையைப் பிடிக்க வேண்டும். தாயைக் குழந்தையின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள், அவள் பேசிக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் இரண்டு முழங்காலையும் மெதுவாக அழுத்தி, நகரும் பலகையைப் பாதத்தின் அடியில் சேர்த்து வைக்க வேண்டும். குழந்தை நுனிக்காலை மடக்கும். உள்ளங்கால் முழுக்கப் பலகையில் பட்டதா என்று பாருங்கள். கண்ணை அளவுகோலுக்கு நேராக வைத்து, மில்லிமீட்டர் வரை படியுங்கள். உச்சிக்குடுமி, கிளிப் எல்லாம் முதலிலேயே எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற நேரத்தில் போகாதீர்கள். குழந்தை வழுக்கும், குளித்ததும் தூங்கும். இரண்டுமே நமக்கு ஆகாது.

முதல் ஆள் அளந்ததும் இரண்டாம் ஆள் தனியாக அளக்க வேண்டும், முதல் எண்ணைப் பார்க்காமல். எடையில் 100 கிராமுக்கு மேல், நீளத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல், தலைச் சுற்றளவில் 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். இது நாங்களாக வைத்த கணக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாட்டுக் குழந்தைகளை இப்படித்தான் அளந்தது. இந்தியாவில் அது டெல்லியில் நடந்தது. அங்கன்வாடியில் வளர்ச்சி அட்டையில் பார்க்கிறீர்களே, அந்த வளைகோடுகள் 2006-இல் அந்த அளவுகளிலிருந்து வந்தவை. அட்டையில் கோடு மெல்லியதாக இருக்கிறது. அதன் பின்னால் எத்தனை குழந்தைகளின் காலை எத்தனை பேர் பொறுமையாகப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டு வயது வரை படுக்க வைத்து அளக்கிறோம், அதற்குப் பின் நிற்க வைத்து. அதே குழந்தை நின்றால் படுத்ததைவிடச் சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவாக வரும். "போன மாசத்தைவிடக் குறைஞ்சிட்டானா?" என்று தாய் பதறுவாள். அந்த விசிட்டுக்கு முன்பே அவளிடம் சொல்லி வையுங்கள்.

போன மாதம் எழுதியதைப் பார்த்துவிட்டு அளக்காதீர்கள். கண் அந்த எண்ணைத் தேடும். இன்னொரு பழக்கம், 0-விலும் 5-லும் முடிப்பது. 67.3 என்று படித்த கண் 67.5 என்று எழுதச் சொல்லும். மேற்பார்வையாளர் உங்கள் நூறு அளவுகளின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பார். ஒவ்வொரு இலக்கமும் ஏறக்குறைய பத்துப் பத்து வர வேண்டும். உங்களுக்கு 0-வும் 5-ம் மட்டும் நாற்பது வந்தால் நீங்கள் அளக்கவில்லை, உத்தேசம் போடுகிறீர்கள்.

தோலை மடித்துப் பிடித்து எடுக்கும் மடிப்புக் கொழுப்பு அளவு எதற்கு, குழந்தையைக் கிள்ளுகிற மாதிரி இருக்கிறதே என்று கேட்பவர்களிடம் நான் புனேயைச் சொல்வேன். அங்கே 1993 முதல் ஆறு கிராமங்களில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கின் குழு கர்ப்பிணிகளைத் தொடர்ந்தது. அந்தக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5. எல்லாமே சிறுத்திருந்தது, தசையும் வயிறும். தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. எடை மெஷின் மட்டும் வைத்திருந்தால் அது தெரிந்தே இருக்காது.

கண்ணேறு பற்றி ஒரு வார்த்தை. "அளந்தா புள்ள வளராது" என்று சொல்லும் ஆயாக்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருத்தப் போகாதீர்கள். அளந்து முடித்ததும் கன்னத்தில் மை வைக்கச் சொல்லி நீங்களே குழந்தையைக் கொடுங்கள். ராகு காலத்துக்கு முன்னால் வா என்றால் முன்னாலேயே போங்கள். நாளை மாற்றக் கூடாது, நேரத்தை மாற்றலாம்.

என்ன சாப்பிட்டது என்று கேட்பது

"தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கறேன்" என்று சொல்லும் தாய் பொய் சொல்லவில்லை. பிறந்த அன்று நாக்கில் தொட்டு வைத்த சேனை (சர்க்கரைத் தண்ணீர்), வாரம் ஒரு முறை வசம்பும் ஜாதிக்காயும் உரைத்துக் கொடுத்த உரைமருந்து, வயிறு உப்பிசத்துக்குக் கிரைப் வாட்டர், வெயில் காலத்தில் இரண்டு ஸ்பூன் கொதித்து ஆறிய தண்ணீர், எதுவும் அவள் கணக்கில் சாப்பாடு இல்லை. அதனால் "தாய்ப்பால் மட்டுமா?" என்று கேட்காதீர்கள். அது கேள்வி இல்லை, நீங்களே பதிலைச் சொல்லிக் கொடுப்பது. நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடியும் வரை குழந்தையின் வாய்க்குள் என்னென்ன போனது என்று கூடவே நடந்து வாருங்கள். குளிப்பாட்டிய பிறகு நாக்கில் ஏதாவது தடவினார்களா? அழுதபோது பக்கத்து வீட்டம்மா ஏதாவது கொடுத்தார்களா? ஆயாவையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உரைமருந்து பற்றி அவருக்குத்தான் தெரியும்.

எந்தப் பதிலுக்கும் முகம் சுளிக்காதீர்கள். ஒரு முறை சுளித்தால் அந்தத் தாய் அடுத்த இருபது மாதமும் நீங்கள் விரும்புகிற பதிலைச் சொல்லுவாள். ஆலோசனை சொல்ல வேண்டியது இருந்தால் நோட்டை மூடி வைத்த பிறகு சொல்லுங்கள்.

விளையாட்டுப் போல நடக்கும் சோதனை

ஆறாம் மாதம், பதினைந்தாம் மாதம், இரண்டு வயது என்று வளர்ச்சிச் சோதனைகள் வரும். கட்டை அடுக்குவது, மறைத்த பொருளைத் தேடுவது, படத்தைக் காட்டிப் பெயர் கேட்பது. குழந்தை தூங்கி எழுந்து, பால் குடித்து, அரை மணி நேரம் ஆன பிறகு ஆரம்பியுங்கள். உருது பேசுகிற வீட்டுக் குழந்தையைத் தமிழில் கேட்டுவிட்டு "பேச்சு தாமதம்" என்று எழுதினால் அது பெரிய அநியாயம். அம்மாவோ பாட்டியோ வீட்டில் எந்த மொழியில் கொஞ்சுகிறார்களோ அந்த மொழி தெரிந்தவர் போக வேண்டும். பாட்டி பின்னாலிருந்து "அந்தச் செவப்புக் கட்டைய எடுடா கண்ணு" என்று சொல்லிக் கொடுப்பார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஒரு கட்டையைக் கையில் கொடுத்து, நான் கேட்கும்போது தாருங்கள் ஆயா என்று சொல்லி உட்கார வையுங்கள்.

வீட்டுச் சூழலைப் பற்றிய பகுதியை நிறையப் பேர் அவசரமாக முடிப்பார்கள். வீட்டில் எத்தனை பொம்மை என்று எண்ணுவது மட்டும் இல்லை அது. நீங்கள் இருக்கும் ஒரு மணி நேரத்தில் தாய் குழந்தையிடம் தானாகப் பேசினாளா, அது கை நீட்டியதற்குப் பதில் சொன்னாளா என்று பார்ப்பது. கைக்கு பீடி இலையும் வாய்க்குப் பாட்டுமாக இருக்கும் தாயும் உண்டு. அதுவும் பேச்சுதான், எழுதுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஜமைக்காவைச் சொல்கிறேன். கிங்ஸ்டன் நகரத்தில் 1986–87-இல் சாலி கிரந்தம்-மெக்ரிகோர் குழு, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான பிள்ளைகள். சில குழந்தைகளின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போய், தாயும் பிள்ளையும் எப்படி விளையாடுவது என்று காட்டினார்கள். வீட்டில் கிடக்கும் பொருளில் செய்த பொம்மைகள்தான். இரண்டு வருடம் அப்படிப் போனார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த விளையாட்டு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். போனவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. நம்மைப் போன்றவர்கள்தான். இதைப் படித்த நாளில் எனக்குக் கண் கலங்கியது.

கஷ்டம் கண்ணில் பட்டால்

குழந்தைக்கு நெஞ்சு உள்ளே இழுக்கிறது, பால் குடிக்கவில்லை, உடம்பு துவள்கிறது என்றால் ஃபார்மை மூடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், கூடவே போங்கள். "நாம் தலையிட்டால் ஆய்வு கெட்டுவிடாதா?" என்று ஒவ்வொரு வருடமும் ஒருவர் கேட்பார். கெடாது. என்ன செய்தோம் என்று எழுதி வைத்தால் போதும். இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறவில்லை என்றாலும் சும்மா எழுதிக்கொண்டு வராதீர்கள். மருத்துவரிடம் அனுப்புங்கள். குழந்தையை அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்று தெரிந்தால் மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-உம் கையில் இருக்கட்டும்.

தாயின் மனநிலைக்கு எடின்பரோ வினாத்தாள் என்று பத்துக் கேள்வி கேட்போம். பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. கூட்டத்தில் அதைக் கேட்கக் கூடாது. மாமியார் கடைக்குப் போகும் நேரம் பாருங்கள், இல்லையென்றால் தண்ணீர் எடுக்கக் கூடவே நடங்கள். "ஆமா" என்று அவள் சொன்னால், அடுத்த வீட்டு விசிட் காத்திருக்கட்டும். அவளைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். மேற்பார்வையாளருக்கு அங்கிருந்தே போன் செய்யுங்கள். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும்.

ஒரு குழந்தை இறந்துபோனால், பையும் ஃபார்மும் இல்லாமல் போங்கள். என்ன நடந்தது என்ற கேள்வித்தாளுக்கு வேறு நாள் இருக்கிறது. எனக்கு முதல் முறை அப்படி நடந்தபோது என்ன பேசுவது என்று தெரியாமல் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் வந்து, "கடைசியா எவ்ளோ இருந்தான் அக்கா?" என்று கேட்டாள். ஆறு கிலோ நானூறு என்றேன். எனக்கு அது மனப்பாடமாக இருந்தது. அவளுக்கு அது வேண்டியிருந்தது.

விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது

நியூசிலாந்தில் டனீடன் என்ற ஊரில் 1972 ஏப்ரலிலிருந்து 1973 மார்ச் வரை பிறந்த 1,037 பேரை இன்னும் தொடர்கிறார்கள். 45 வயதில், உயிரோடு இருப்பவர்களில் 94 சதவீதம் பேர் வந்து சோதனைக்கு உட்கார்ந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விமான டிக்கெட் எடுத்து வரவழைக்கிறார்கள். நம்மிடம் விமானம் இல்லை. ஆனால் அவர்கள் ஏன் அவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். விட்டுப் போகிறவர்கள் யார்? வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறியவர்கள், கடன்காரனுக்குப் பயந்து இரவோடு இரவாகப் போனவர்கள், புருஷன் விட்டுப்போன பெண்கள். சின்ன வயதுக் கஷ்டம் குழந்தையை என்ன செய்கிறது என்று கேட்கிற ஆய்வில், அதிகம் கஷ்டப்பட்ட குழந்தைகளே காணாமல் போனால், மீதி இருப்பவர்களை வைத்து "பெரிய பாதிப்பு இல்லை" என்று எழுதிவிடுவோம்.

எங்கள் பக்கத்து வேலூரிலேயே 1969 முதல் 1973 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். பெண்கள் கர்ப்பமாவதற்கு முன்பே அவர்களை அளந்து வைத்திருந்தார்கள், அது உலகத்திலேயே அரிது. 1998 முதல் 2002 வரை தேடிப்போய், வளர்ந்த 2,218 பேரைப் பரிசோதித்தார்கள். இருபத்தைந்து முப்பது வருடம் கழித்து ஒரு பழைய முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைக்காரரின் எண்ணை நான் வற்புறுத்துவது அதனால்தான்.

பரிசுப் பொருள் கொடுத்துத் தக்க வைக்க முடியாது. மரியாதையாக நடத்தினால் இருப்பார்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். வர முடியாவிட்டால் முன்பே போன் செய்யுங்கள். ரத்தப் பரிசோதனையின் முடிவைக் கண்டிப்பாகக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். எடுத்துக்கொண்டு போனார்கள், ஒன்றும் சொல்லவில்லை என்ற பேச்சு ஒரு தெருவையே மூடிவிடும். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் மூச்சுவிடக் கூடாது. முதல் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிடுங்கள்.

எழுதுவதில் ஒன்றே ஒன்று. வீட்டுக்குள்ளேயே எழுதுங்கள், பஸ்ஸில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம். தப்பாக எழுதினால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுங்கள். மேலேயே திருத்தி எழுதினால் எது முதலில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. டேப்லெட் வந்த பிறகும் நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். டேப்லெட்டில் கட்டம் இல்லாத விஷயங்களுக்கு அது: "அப்பா துபாய் போனார்", "வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது", "பெரியவள் பள்ளி நிறுத்தம், தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்". எடை ஏன் அந்த மாதம் நின்றது என்று பின்னால் கேட்கிறவருக்கு அந்த வரிதான் உதவும்.

கடைசி விசிட், இரண்டு வயது முடிகிறபோது, வளர்ச்சி அட்டையின் நகலைத் தாயிடம் கொடுத்து, கோடு எங்கே ஏறியது எங்கே படுத்தது என்று உட்கார்ந்து காட்டுங்கள். மறுபடி வரலாமா என்று கேளுங்கள். உங்கள் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், தொலைந்துபோகும். நாட்காட்டி மாட்டியிருக்கும் ஆணிக்குப் பக்கத்தில், அவர்கள் மற்ற எண்களை எழுதி வைத்திருக்கும் சுவரிலேயே, அவர்களைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். நான் அப்படி எழுதிவிட்டு வந்த ஒரு வீட்டுக்கு ஏழு வருடம் கழித்துப் பள்ளி வயதுச் சோதனைக்காகப் போனேன். வீட்டுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். ஆணிக்குப் பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் பழைய நீலம் அப்படியே இருந்தது.